அம்மாவின் எடையைத் தினமும் பார்த்து மருத்துவமனைக்கு அனுப்பும் திட்டம்: சேரலாமா, வேண்டாமா?

துவாரகா மகள் (நவம்பர் 8, இரவு 9.20)

வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது. இரண்டு ஆண்டுகளாக இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் போதிய வலுவோடு இரத்தத்தை இறைக்காத நிலை, இருக்கிறது. இதயம் தன்னுள் நிறையும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றுவது 30 விழுக்காடு என்று எக்கோ என்னும் இதய ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். தீபாவளிக்கு மறுவாரம் மூச்சு வாங்கி, கால் வீங்கி, இந்த ஆண்டில் இரண்டாவது முறையாக ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். பில் கட்டும் இடத்தில் ஒரு தம்பி எங்களை உட்கார வைத்து வீட்டுக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை விளக்கினார். ப்ளூடூத் உள்ள எடைக்கருவி, பிரஷர் மெஷின், இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆகிய மூன்றையும் தருவார்களாம். காலையில் அம்மா அளந்தவுடன் எண்கள் கைபேசி வழியாக மருத்துவமனையின் கண்காணிப்பு அறைக்குப் போய்விடுமாம். எண் தவறினால் செவிலியர் அழைத்து விசாரிப்பாராம். மாதம் 3,500 ரூபாய். எங்கள் காப்பீட்டில் இதற்கு இடமில்லை.

நான் குருகிராமில் வேலை பார்க்கிறேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்குத்தான் வீடு. பகலில் அம்மாவுடன் ஜார்க்கண்டைச் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள். அப்பா காலமான பிறகு மயிலாடுதுறையிலிருந்து இங்கே தில்லி துவாரகாவுக்கு வந்த அம்மாவின் இந்தி, காய்கறி வண்டிக்காரரோடு பேரம் பேசும் அளவோடு நிற்கிறது. டல்லாஸில் இருக்கும் தம்பி, இன்றைக்கே சேர்த்துவிடு என்கிறான். அம்மாவோ, "என்னை எதற்குத் தினமும் தராசில் ஏற்றுகிறாய், நான் என்ன கத்தரிக்காயா?" என்கிறார்.

இப்படிப்பட்ட திட்டத்தில் இருந்தவர்கள், நடத்துபவர்கள், மருத்துவர்கள் யாராவது இருந்தால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டுகிறேன். விளம்பரத் தாளில் இருப்பதை நான் படித்துவிட்டேன்.

ஜனக்புரி ஓய்வாளர் (நவம்பர் 8, இரவு 10.45)

அம்மா, எனக்கு 69 வயது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டு சிகரெட்டும் முப்பத்தெட்டு ஆண்டு தில்லிக் காற்றும் சேர்ந்து கொடுத்தது. ஆகையால் என் அனுபவம் நுரையீரல்காரனுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆக்சிமீட்டர் என்ற பொருளை நான் முதலில் கண்டது 2020-இல். வீட்டுத் தனிமையில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு தில்லி அரசே அதைக் கொடுத்தனுப்பிய காலம் அது. கொரோனா போன பிறகும் கருவி என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. ஒரு நாளைக்கு முப்பது முறை பார்த்த நாட்கள் உண்டு. குளியலறைக்குப் போய் வந்தால் ஒரு முறை, செய்தி பார்த்துக் கோபம் வந்தால் ஒரு முறை. என் மனைவி அதற்கு "பிள்ளையார்" என்று பெயர் வைத்தாள், தொட்டுத் தொட்டுக் கும்பிடுகிறேனாம்.

சென்ற ஆண்டு என் மகன் ஒரு கண்காணிப்புத் திட்டத்தில் என்னைச் சேர்த்தான். 92-க்குக் கீழே போனால் அழைப்பு வரும் என்று அமைத்திருந்தார்கள். எனக்கோ நன்றாக இருக்கும் நாளிலேயே 90 அல்லது 91தான். டிசம்பர் காலையில் விரல் ஐஸ்கட்டி போல இருக்கும்போது அதுவும் காட்டாது. 86 என்று காட்டிப் பயமுறுத்தும். ஆகவே தினமும் காலை ஏழே காலுக்குத் தொலைபேசி ஒலிக்கும். ஒரு வாரத்தில் நான் வழி கண்டுபிடித்துவிட்டேன். காபி டம்ளரை இரண்டு கையாலும் நான்கு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விரலை நுழைப்பேன். 91 வரும், சில நாள் 92-ஏ வரும். இதை நான் ஏமாற்று வேலை என்று நினைத்துக் குற்ற உணர்வோடு செய்துவந்தேன். அதுதான் சரியான முறை என்பது பிறகு தெரிந்தது.

ஜனவரியில் உண்மையாகவே நோய் முற்றியபோது நடந்ததுதான் முக்கியம். சளி மஞ்சளாகிவிட்டது, ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு எடுக்க வேண்டியிருந்தது, இன்ஹேலரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இழுத்தேன். டம்ளர் பிடித்த விரலில் எண் மட்டும் 92. கைபேசியில் பச்சை நிறம். யாரும் அழைக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் நானே ஆட்டோ பிடித்துப் போனேன், நான்கு நாள் படுக்க வைத்தார்கள். நன்றாக இருந்த நாற்பது நாளும் அழைத்தவர்கள், முடியாத மூன்று நாளில் அழைக்கவில்லை.

சேர்வதானால், எண்ணின் எல்லையை உங்கள் அம்மாவுக்கென்று யார் நிர்ணயிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கரோல்பாக் கணக்கன் (நவம்பர் 9, காலை 7.05)

ஆயிரத்துச் சொச்ச ரூபாயில் எடைக்கருவியும், இருபது ரூபாயில் கோடு போட்ட நோட்டும் கிடைக்கும்போது ஆண்டுக்கு 42,000 ரூபாய் எதற்கு? அம்மா எழுதட்டும், நீங்கள் இரவு வந்து பாருங்கள். இது வியாபாரம்.

முனிர்க்கா மருத்துவன் (நவம்பர் 9, மதியம் 3.30)

நான் பொது மருத்துவன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் இதயம், சர்க்கரை, நுரையீரல் என்று நாள்பட்ட நோயாளிகள்தாம். இரண்டு பக்கத்தையும் எழுதுகிறேன்.

முதலில் ஜனக்புரி ஐயாவுக்கு. உங்கள் நோயில் கரியமிலவாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது நாங்கள் குறிவைப்பதே 88 முதல் 92 வரைதான். ஆரோக்கியமானவரின் எல்லையை உங்கள் மேல் பொருத்தியது அமைத்தவர்களின் தவறு. விரலைச் சூடாக்கியதில் ஏமாற்று எதுவும் இல்லை. குளிர்ந்த விரலில் இரத்த ஓட்டம் குறைந்து கருவி தடுமாறும், நகப்பூச்சு இருந்தாலும் தடுமாறும். நம்மைப் போன்றவர்கள் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆக்சிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டியும் இரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தது கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 12 விழுக்காடு, வெள்ளையரிடம் 4 விழுக்காட்டுக்கும் கீழே என்று கண்டார்கள். தோலின் நிறம் கருவியை ஏமாற்றுகிறது. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

இனி துவாரகா சகோதரிக்கு. இதயச் செயலிழப்பில் எடை பார்ப்பதற்குக் காரணம் உண்டு. உடலில் நீர் தேங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசில் தெரிந்துவிடலாம். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. அந்த நேரத்தில், தேங்கிய நீரை வெளியேற்றும் நீர் மாத்திரையை இரண்டொரு நாள் கூட்டிக் கொடுத்தால், மருத்துவமனைப் படுக்கை தவிர்க்கப்படலாம்.

ஆனால் எடையை அனுப்புவதால் மட்டும் பலன் வருமா என்பதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2010-இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில் 1,653 நோயாளிகள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசியை அழைத்து எடையையும் அறிகுறிகளையும் பதிய வேண்டும். வேலை நாட்களில் ஒருவர் பார்ப்பார். மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. ஏழில் ஒருவர் ஒரு முறைகூட அழைக்கவில்லை. ஆறு மாத முடிவில் வாரத்துக்கு மூன்று நாளாவது அழைத்தவர்கள் 55 விழுக்காடுதான். 2018-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 1,571 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் எடை, பிரஷர், ஈசிஜி, ஆக்சிஜன் ஆகியவற்றோடு, "இன்று எப்படி இருக்கிறீர்கள்" என்பதற்கான விடையையும் தினமும் அனுப்பினார்கள். பெர்லினில் இருந்த மையத்தில் இரவும் பகலும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். தேவைப்பட்டால் மருந்தை மாற்ற ஏற்பாடு செய்தார்கள். அங்கே ஆண்டுக்கு நூறு பேரில் இறப்பு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் 11.3, கண்காணிப்பில் இருந்தவர்களிடம் 7.9. இரண்டு ஆய்விலும் தராசு உண்டு. தராசுக்கு அப்பால் யார் உட்கார்ந்திருந்தார், அவர் என்ன செய்ய அதிகாரம் பெற்றிருந்தார் என்பதில்தான் வேறுபாடு என்பது என் வாசிப்பு. கரோல்பாக் நண்பரின் நோட்டுப் புத்தகத்துக்கும் இதே கேள்விதான்: இரவு எட்டு மணிக்கு மகள் அதைப் பார்த்த பிறகு யாரை அழைப்பார்?

என் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். திட்டம் எதுவும் இல்லாமலேயே என் நோயாளிகள் பலர் எனக்கு வாட்ஸ்அப்பில் பிரஷர் மெஷினின் படத்தை அனுப்புகிறார்கள். இரவு 11.40-க்கு, ட்யூப்லைட் பட்டு எண் தெரியாத படம். கீழே ஒரு வரியும் இல்லை. யாருடைய பிரஷர் என்பதும் இல்லை. சாப்பிட்ட கையோடு, பேசிக்கொண்டே, சிறுநீரை அடக்கிக்கொண்டு எடுத்தால் 160 வரத்தான் செய்யும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மார்பளவு உயரத்தில் வைத்து, பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் எடுக்க வேண்டும். வீட்டில் எடுக்கும் பிரஷருக்கு எல்லை 135/85. மருத்துவமனையின் 140/90 அல்ல. குளிர்காலத்தில் பெரும்பாலோருக்குச் சற்று ஏறும். இதையெல்லாம் ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த நோயாளியின் எண்களை மட்டும் நான் நம்புகிறேன்.

முன்பெல்லாம் காலை ஆறு மணிக்கு வந்த எண்ணை நான் பகல் இரண்டு மணிக்குப் பார்ப்பேன். இடையில் எட்டு மணி நேரம். அந்த நேரத்தில் அவருக்கு ஏதாவது ஆனால், "டாக்டருக்கு அனுப்பினோமே" என்று குடும்பம் சொல்லும். அவர்கள் சொல்வதில் தவறும் இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல் தொலைபேசி வழியே ஆலோசனை சொல்வதற்கு ஒரு முறையைத் தந்தது. ஆனால் கேட்காமலேயே வந்து குவியும் எண்களை எந்த நேரத்தில் யார் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மருத்துவரும் தாமாக வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் இப்போது வகுத்திருப்பது: காலை ஒன்பதுக்கு முன் வந்தால் பத்து மணிக்குள் பார்ப்பேன், மற்றவை மறுநாள். இதை அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். இருந்தும் 11.40 படங்கள் வருகின்றன.

நிழல்செவிலி (நவம்பர் 9, இரவு 11.50)

நான் திருநெல்வேலிப் பக்கம். தில்லியில் பத்தாண்டுகளாகச் செவிலியர். அவற்றில் ஒன்றரை ஆண்டு இத்தகைய கண்காணிப்பு அறையில் இருந்தேன். எந்த மருத்துவமனை என்று எழுத மாட்டேன்.

ஒரு பணிமுறைக்கு எனக்கு 180 பேர். காலை எட்டு மணிக்குத் திரையைத் திறந்தால் நாற்பது, நாற்பத்தைந்து பெயர்கள் சிவப்பில் நிற்கும். அவற்றில் பெரும்பகுதி நோயால் சிவந்தவை அல்ல. ப்ளூடூத் சேராதது ஒரு பங்கு. பாட்டியின் தராசில் பேரன் ஏறி விளையாடியது ஒரு பங்கு. 58 கிலோ இருந்தவர் ஒரே இரவில் 19 கிலோ ஆகிவிடுவார். நவம்பர் நடுவில் தில்லியில் குளிர் இறங்கும் வாரம் இருக்கிறதே, அந்த வாரம் எங்களுக்குத் திருவிழாதான். ஸ்வெட்டர், சால்வை, இரண்டு ஜோடி சாக்ஸ் என்று எல்லோரும் ஒன்றரைக் கிலோ ஏறிவிடுவார்கள். முதல் ஆண்டு நான் ஒவ்வொருவரையும் அழைத்து, "கால் வீங்கியிருக்கிறதா?" என்று கேட்டேன். இரண்டாம் ஆண்டு, "என்ன உடுத்தியிருக்கிறீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை தோறும் எடை கூடும் ஒரு மாமி இருந்தார். குளித்து மடிசார் கட்டிக்கொண்டுதான் அன்றைக்குத் தராசில் ஏறுவார்.

சிவப்பைக் காட்டிலும் எனக்குப் பயம் தந்தது சாம்பல் நிறம். அன்றைக்கு எண்ணே வரவில்லை என்று பொருள். ஊருக்குப் போயிருக்கலாம், சலித்துப்போயிருக்கலாம். எழுந்து தராசில் நிற்க முடியாத அளவுக்கு முடியாமலும் இருக்கலாம். எங்கள் நடைமுறையில் சிவப்பை இரண்டு மணி நேரத்தில் அழைக்க வேண்டும், சாம்பலை மூன்று நாள் விடலாம். நான் மாற்றச் சொன்னேன்; நான் இருந்த வரையில் மாறவில்லை.

மொழியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ராமகிருஷ்ணபுரத்தில் ஒரு தமிழ்ப் பாட்டியை என் சக ஊழியை அழைத்தாள். "ஸான்ஸ் ஃபூல் ரஹீ ஹை க்யா?" என்று கேட்டாள், மூச்சு வாங்குகிறதா என்று பொருள். பாட்டிக்குக் காதில் விழுந்தது ஃபூல், அதாவது பூ. "நஹீ, ஃபூல்வாலா ஆஜ் நஹீ ஆயா" என்றார். பூக்காரன் இன்றைக்கு வரவில்லையாம். என் சக ஊழியைக்கு முதல் சொல்லே போதுமானதாக இருந்தது. மூச்சுத்திணறல் இல்லை என்று பதிந்துவிட்டாள். பக்கத்து இருக்கையில் இருந்த நான் சிரித்துவிட்டு, சந்தேகப்பட்டு மறுபடி அழைத்தேன். "ராத்திரி படுக்க முடியலம்மா, உட்கார்ந்தே தூங்கினேன்" என்றார். அன்று மாலை அவரைச் சேர்த்தார்கள். இதயச் செயலிழப்பில் படுத்தால் மூச்சு முட்டுவது எந்த எண்ணிலும் வராது. கேட்டால்தான் வரும், அதுவும் புரியும் மொழியில் கேட்டால்.

எங்களுக்கு மாத்திரை அளவை மாற்றும் அதிகாரம் இல்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவர் புறநோயாளிகளைப் பார்த்து முடித்தபின் திரும்ப அழைப்பார். ஞாயிற்றுக்கிழமை அறையில் ஒருவர் மட்டும். இவற்றை விளம்பரத் தாளில் அச்சிட மாட்டார்கள்.

ஆனாலும் அந்த வேலையை நான் வெறுக்கவில்லை. தினமும் என்னோடு பேசிய சிலர், நான் அழைக்காத நாளில் தாங்களே அழைத்து, "ஏன் சிஸ்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

மயூர்விஹார் அம்மா (நவம்பர் 10, காலை 10.15)

என் அனுபவம் சற்று விலகியது. ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. என் மகனுக்கு ஒன்பது வயதில் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது, இப்போது பதின்மூன்று. சர்க்கரையை விடாமல் அளக்கும், கையில் ஒட்டும் சென்சார் போட்டிருக்கிறோம். பதினான்கு நாளுக்கு ஒன்று. மாதச் செலவு எங்கள் வீட்டு மளிகைச் செலவை நெருங்குகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. சென்சார் வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகள், இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் குழந்தையின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தவள் நான். இப்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் கருவியே என்னை எழுப்புகிறது. இந்த ஒரு காரியத்துக்காக அதைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அது தவறாக எழுப்பும் இரவுகளும் உண்டு. பையன் அந்தக் கையின் மேலேயே படுத்துத் தூங்கினால் சென்சார் அழுந்தி, சர்க்கரை இறங்காதபோதும் இறங்கியதாகக் காட்டும். அது இரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் இருக்கும் நீரை அளக்கிறது. ஆகவே ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கியே இருக்கும். முதல் மாதம் இது தெரியாமல், ஏறிக்கொண்டிருந்த சர்க்கரைக்கு மேல் பழச்சாறு கொடுத்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த எண்களைக் கைபேசியில் மற்றவர்களும் பார்க்கலாம். நான், என் கணவர், தஞ்சாவூரில் இருக்கும் என் மாமியார் மூவரும் பார்த்தோம். மாலை நான்கு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து அழைப்பு வரும்: "240 காட்டுதே, குழந்தைக்கு என்ன கொடுத்தே?" அக்கறைதான், எனக்குத் தெரியும். ஆனால் நண்பனின் பிறந்தநாளில் ஒரு துண்டு கேக் சாப்பிட்டதை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் அரைமணி நேரத்தில் அறிகிறார் என்றால், அது பதின்மூன்று வயதுக்காரனுக்கு எப்படி இருக்கும்? ஒரு நாள் சென்சாரைப் பிய்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். எங்கள் மருத்துவர் அவனைத் திட்டவில்லை. யார் யார் பார்க்கலாம் என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்றார். பாட்டியை எடுத்துவிட்டான். அப்பாவுக்கு இரவில் மட்டும் தெரியும். 70-க்கும் 180-க்கும் இடையில் நாளின் பெரும்பகுதி, அதாவது ஏறக்குறைய பதினேழு மணி நேரம் இருந்தால் போதும் என்று மருத்துவர் சொன்னதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறான். மாமியார் ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

துவாரகா சகோதரி, உங்கள் தம்பி டல்லாஸில் இருந்து தினமும் பார்ப்பதை உங்கள் அம்மா விரும்புகிறாரா என்று கேட்டீர்களா?

அண்ணா நகர் டூ ஆர்.கே.புரம் (நவம்பர் 10, மதியம் 1.00)

எனக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. நான் தூங்கும்போது அதுவே தகவலை அனுப்பிவிடுகிறது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஆகவே எனக்குச் சொல்லவும் எதுவும் இல்லை. கும்பகோணத்துக்கு இரண்டு மாதம் போனபோது பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போனேன்; அதற்கு மட்டும் திட்டு வாங்கினேன்.

லோதிகாலனி வழக்கறிஞர் (நவம்பர் 10, மாலை 6.35)

ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். அம்மாவின் எண்கள் கருவி விற்ற நிறுவனத்துக்கும் போகின்றனவா, காப்பீட்டு நிறுவனத்தோடு பகிரப்படுகின்றனவா, திட்டத்திலிருந்து விலகினால் அழிக்கப்படுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 2023-இல் நிறைவேறிய தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவுகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. எனினும் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும், ஒப்புதல் கோரிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படித்துப் பார்க்கும் வாய்ப்பும் அதில் உண்டு. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. கையெழுத்திட வேண்டியவர் உங்கள் அம்மா. நீங்களோ தம்பியோ அல்ல.

துவாரகா மகள் (நவம்பர் 10, இரவு 10.10)

அனைவருக்கும் நன்றி. மயூர்விஹார் அம்மா, நான் கேட்கவே இல்லை. இன்று கேட்டேன். "அவன் பார்த்து என்ன பண்ணப் போறான், தூக்கம்தான் கெடும்" என்றார். சற்று நேரம் கழித்து, "எடை ஏறினா நீ என் ஊறுகாயை ஒளிச்சு வைப்பே, அதுதான் எனக்குப் பிடிக்கல" என்றார். இரண்டு ஆண்டுகளாக நான் உப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்குத்தான் விளங்கியது.

டாக்டர் ஐயாவுக்கும் நிழல்செவிலிக்கும் ஒரு கேள்வி. மருத்துவமனையில் கேட்பதற்கு இரண்டே கேள்விகள் என்றால் எவற்றைக் கேட்பீர்கள்?

முனிர்க்கா மருத்துவன் (நவம்பர் 11, காலை 6.50)

நீர் மாத்திரையை அன்றே மாற்ற யாருக்கு அதிகாரம், அவர் எத்தனை மணி வரை கிடைப்பார். இரண்டாவது, மாற்றிய பின் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பார்களா. வீட்டில் அளக்கும் எந்தக் கருவியும் அவற்றைச் சொல்லாது.

நிழல்செவிலி (நவம்பர் 11, காலை 8.05)

எண் வராத நாளில் என்ன செய்வார்கள். தமிழோ மலையாளமோ தெரிந்த செவிலியர் இருக்கிறாரா. தில்லி மருத்துவமனைகளில் மலையாளச் செவிலியர் இல்லாமல் இருக்க மாட்டார்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள்.

துவாரகா மகள் (டிசம்பர் 27, இரவு 9.00)

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு மட்டும் சேர்ந்தோம்.

கேட்ட கேள்விகளுக்கு எல்லா விடையும் பிடித்தமாக வரவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் மருத்துவர் கிடைக்க மாட்டார், அவசரம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்றார்கள். அதை எழுதி வாங்கிக்கொண்டேன். எதிர்பார்க்கக் கூடாததை எதிர்பார்க்காமல் இருக்கவாவது உதவும். எண் வராத நாளில் அன்று நண்பகலுக்குள் என்னை அழைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். படிவம் தமிழில் இல்லை. நான் வாசித்துச் சொல்ல, அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். தம்பிக்கு எண்கள் போகவில்லை. பத்து நாள் கோபமாக இருந்தான். இப்போது ஞாயிறு தோறும் அம்மாவே அவனுக்குச் சொல்கிறார், கூட்டியோ குறைத்தோ.

காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய்வந்து, காபிக்கு முன், அதே பருத்தி நைட்டியோடு, சால்வை இல்லாமல் தராசில் ஏறுவது என்று வைத்திருக்கிறோம். குளிரில் இது அம்மாவுக்குப் பெரிய தண்டனை. தராசைச் சமையலறைக்கு மாற்றி, பால் காயும் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

அழைப்பவர் கோட்டயத்துக்காரச் செவிலியர். அவர் மலையாளத்தில் பேச, அம்மா மாயவரத் தமிழில் பதில் சொல்ல, இருவருக்கும் முக்கால்வாசி புரிகிறது. புரியாத கால்வாசியை மறுபடி கேட்டுக்கொள்கிறார்கள். டிசம்பர் 12 அன்று எடை இரண்டு நாளில் 1.3 கிலோ ஏறியிருந்தது. அவர்கள் வைத்திருந்த எல்லைக்குள்தான், ஆகவே திரையில் பச்சை. வழக்கமான விசாரிப்புக்கு அழைத்த அவர், எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அம்மா, "முந்தாநாளிலிருந்து மூணு" என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. அன்று மதியமே மருத்துவர் நீர் மாத்திரையைக் கூட்டினார். ஐந்தாம் நாள் வீட்டில் இரத்தம் எடுத்தார்கள். மறுபடி இரண்டு தலையணைக்கு வந்துவிட்டார். பெரியப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த வடுமாங்காய் ஜாடி காலியாகியிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். ஒளித்து வைக்கவில்லை, காலியான ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன், அவ்வளவுதான்.

இந்தத் திட்டம் இல்லாவிட்டால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தராசு பிடித்ததா, தலையணைக் கேள்வி பிடித்ததா என்று தம்பி கேட்கிறான். தராசு இருப்பதால்தான் அவர் அழைக்கிறார், அழைத்ததால்தான் கேட்டார் என்று சொன்னேன். பிப்ரவரியில் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செவிலியர் அதுவரை அங்கேயே இருப்பாரா என்று விசாரித்தேன், உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

ஜனக்புரி ஓய்வாளர் (டிசம்பர் 28, காலை 7.40)

மகிழ்ச்சி, அம்மா. இந்த இழையைப் படித்தபின் என் திட்டக்காரர்களை அழைத்து, என் மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, எல்லையை 88-க்கு மாற்ற வைத்தேன். தினமும் சளியின் நிறத்தையும் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நிறத்துக்குக் கைபேசியில் கட்டம் இல்லையாம். "குறிப்பு" என்ற இடத்தில் நானே எழுதுகிறேன். அதை யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க, நேற்று "நீலம்" என்று எழுதினேன். இதுவரை அழைப்பு வரவில்லை.

நிழல்செவிலி (டிசம்பர் 28, காலை 9.10)

ஐயா, நேற்று ஞாயிற்றுக்கிழமை. இன்று நண்பகல் வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் நீங்களே அழைத்து, குறிப்புகளைப் பார்ப்பது யார் பொறுப்பு என்று கேளுங்கள்.